பெயர் போட்ட புத்தகம்

திருத்தணி மலையில் ஒரு டியூப்லைட் வாங்கிக் கொடுத்தவன்கூட அதன்மேல் தன் பெயரை எழுதாமல் விடமாட்டான். எழுதிய எழுத்தில் வெளிச்சம் பாதிதான் கீழே வந்து சேரும். அந்த மலையில் மொட்டை அடித்த தலைகளுக்குச் சந்தனம் பூசிப் பிழைக்கும் ஜெயம்மாவுக்கு எழுத்து தெரியாது. ஆனால் படிக்கட்டிலும் மின்விசிறியிலும் ஒரு பெயர் இருந்தால் அது புண்ணியம் செய்தவர் பெயர் என்று தெரியும். கெட்டதைச் சொல்ல யாரும் கல்லில் பெயர் வெட்டி அவள் பார்த்ததில்லை.

அதனால்தான், மலையில் பிழைக்கும் பெண்களைப் பற்றி டாக்டர் பட்டத்துக்கு ஆய்வு செய்யப் பத்து வருஷத்துக்கு முன்பு வந்த அனுராதா, பெயரை மாற்றி எழுதிக்கொள்கிறேன் என்றபோது அவளுக்குக் கோபம் வந்தது.

"பேரை மாத்திட்டா அது நான்தான்னு யாருக்கும்மா தெரியும்? ஜெயம்மான்னே போடு. வீராசாமி பொஞ்சாதின்னும் போடு."

அனுராதா நல்ல பெண். கேட்டதைச் செய்தாள். மூன்று நாள் பேசினார்கள். மூன்றாம் நாள் ஜெயம்மா அழுதாள், புருஷனைத் தவிர யாருக்கும் தெரியாத ஒன்றைச் சொன்னாள். அழுததையெல்லாமா புத்தகத்தில் போடுவார்கள் என்று நினைத்துக்கொண்டாள். போடுவார்கள். அழுதால் இரண்டு பக்கம் கூடவே போடுவார்கள்.

அந்த ஆய்வேடு கறுப்பு அட்டை போட்டுக்கொண்டு பல்கலைக்கழக நூலகத்தில் தூங்கியது. கரப்பான்பூச்சியைத் தவிர யாரும் அதைத் தொடவில்லை. இந்தத் தை மாதம் நூலகம் பழைய ஆய்வேடுகளையெல்லாம் பக்கம் பக்கமாகப் படமெடுத்து இணையத்தில் ஏற்றியது. இனி யார் வேண்டுமானாலும் வீட்டில் இருந்தபடியே படிக்கலாம். அனுராதா சந்தோஷம் தாங்காமல் ஜெயம்மாவின் மகள் மோனிஷாவின் போனுக்கு அதை அனுப்பினாள். முந்நூற்றுச் சொச்சம் பக்கம். மோனிஷா அம்மாவின் படம் இருந்த பக்கத்தை மட்டும் ஸ்டேட்டஸில் வைத்துவிட்டு மூடிவிட்டாள். கல்யாணப் பேச்சு நடக்கிற வீட்டில் மிச்சத்தைப் படிக்க அவளுக்கேது பொழுது?

மாப்பிள்ளை தணிகைவேல், பள்ளிப்பட்டுக்காரன். மோனிஷாவுக்கு அவனை மிகவும் பிடித்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை பூவும் பழமுமாக உறுதி செய்ய வந்தார்கள். மாப்பிள்ளையின் அப்பா கஜபதி கொஞ்சம் நிலம் உள்ளவர். பெண்ணோட அம்மா மொட்டைத் தலையெல்லாம் தடவுறவங்களாமே என்று சிரித்தபடி கேட்டார். ஜெயம்மாவுக்குச் சுருக்கென்றது.

"எம் பேரு யுனிவர்சிட்டி புத்தகத்துலயே கீதுங்க" என்றாள்.

மாப்பிள்ளையின் அக்கா மோகனப்ரியா பள்ளிக்கூட டீச்சர். மோனிஷாவிடம் கேட்டுத் தன் போனில் வாங்கிக்கொண்டாள். பொருளடக்கத்திலேயே 'ஜெயம்மாவின் கதை, பக்கம் 147' என்று இருந்தது. வீராசாமி மட்டும் நெளிந்தான். இப்ப எதுக்கு அதெல்லாம், காபி ஆறிப்போவுது என்றான். ஜெயம்மா அவனைக் கையால் அடக்கினாள்.

"சத்தமா படிம்மா. எல்லாரும் கேக்கட்டும்."

மோகனப்ரியா வகுப்பில் பாடம் படிக்கிற குரலில் படித்தாள். சந்தனம் அரைப்பது, ஆடிக் கிருத்திகைக்கு ஆயிரம் தலைகளுக்குப் பூசுவது என்று முதல் பக்கம் போயிற்று. கஜபதிகூடத் தலையாட்டினார். அவள் அதே வேகத்தில் அடுத்த பக்கத்துக்குப் போனாள்.

"நகரியில் என்னோடு குடித்தனம் நடத்தியவன் நான் மாசமானதும் ஓடிவிட்டான். ஐந்து மாத வயிற்றோடு நின்றபோது வீராசாமிதான் தாலி கட்டினார். இது என் மகளுக்குத் தெரியாது."

அங்கே நிறுத்தினாள். நிறுத்தி என்ன? எல்லாம் காதில் விழுந்தாயிற்று.

கஜபதி டம்ளரைக் கீழே வைத்தார். "இன்னும் எதுனா எழுதியிருக்கா, பாரும்மா" என்றார் மகளிடம்.

கொண்டுவந்த தட்டை வாழைப்பழம் உட்படத் திரும்ப எடுத்துக்கொண்டு போனார்கள். தணிகைவேல் வாசல்வரை தலையைத் தூக்கவே இல்லை. அவர்கள் பஸ் பள்ளிப்பட்டு போய்ச் சேருமுன் அந்தப் புத்தகம் சொந்தக்காரர்கள் குரூப்புக்கெல்லாம் போய்ச் சேர்ந்துவிட்டது. சாயங்காலம் திருத்தணி பஜாருக்கும் வந்துவிட்டது.

மோனிஷா வீராசாமியிடம் கேட்டாள். "நெசமா நைனா?"

"ஆங்" என்றான். வேறென்ன சொல்வான் பாவம்.

மறுநாள் காலை ரயிலில் அவள் சென்னைக்குப் போய்விட்டாள். போகும்போது வீராசாமியின் கையைப் பிடித்துக்கொண்டு போய்வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனாள். பெற்றவளிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஜெயம்மா ஸ்டேஷன்வரை பின்னாலேயே ஓடினாள். மகள் திரும்பிப் பார்க்கவில்லை.

நான்காம் நாள் மலையில் ஒருவன் தலைக்குச் சந்தனம் பூசிக்கொண்டிருந்தபோது அனுராதா போன் செய்தாள். குரலில் அத்தனை பூரிப்பு.

"அக்கா, நூலகத்துல ஏத்துன ஆய்வேட்டுலயே நம்மளதுதான் முதல்ல நிக்குது. நாலு நாள்ல ரெண்டாயிரம் பேர் படிச்சிருக்காங்க. முக்கால்வாசி நம்ம திருத்தணி பக்கமாம்."

ஜெயம்மா சந்தனக் கையோடு போனைக் காதில் அழுத்திக்கொண்டாள்.

"எம் பேரை மட்டும் எடுத்துடும்மா. உனக்குப் புண்ணியமாப் போவும்."

அனுராதா திகைத்துப்போனாள். நூலகத்தில் கேட்டுப் பார்க்கிறேன் என்றாள். ஆனால் பட்டம் கொடுத்த ஆய்வேட்டில் ஓர் எழுத்தையும் மாற்ற விடமாட்டார்கள் என்றாள். அப்புறம், மனசில் எந்தக் கல்மிஷமும் இல்லாமல் கேட்டாள்.

"நீங்கதானேக்கா போடச் சொன்னீங்க?"

எதிரே உட்கார்ந்திருந்தவன் வெயில் சுடுது, சீக்கிரம் பூசும்மா என்றான். அவன் கையிலும் ஒரு போன் இருந்தது. ஜெயம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டு பூசினாள்.