நேரில் வந்து சொல்லாத சாவு

எங்கள் வீட்டுக்காரர் வேலுசாமிக்குக் காலையில் காபிகூட அப்புறம்தான், முதலில் செல்போன். கோழிகளுக்குத் தீவனம் போட்டுவிட்டு வந்து கட்டிலில் உட்கார்ந்தால் வரிசையாக அவருடைய இணையதளங்களைத் திறப்பார். முதலில் முட்டை விலை. அப்புறம் ஒரு பையன் தனியாக நடத்துகிற மழைத் தளம். பிறகு உலகச் செய்தி. அடுத்து, பழைய கோயில்களையும் நடுகற்களையும் பற்றி யாரோ ஒரு வாத்தியார் எழுதிவருவது. கடைசியாக 'மலையடிவாரம்', திருச்செங்கோட்டில் நாலு பேர் சேர்ந்து போடுகிற உள்ளூர்ச் செய்தி. நாங்கள் இருப்பதோ எருமப்பட்டிப் பக்கம். திருச்செங்கோட்டில் குழாய் உடைந்தால் உங்களுக்கு என்ன வந்தது என்று நான் சண்டை பிடிக்காத நாள் இல்லை.

அவ்வளவும் அவர் தங்கை மயிலம்மாளுக்காக. திருச்செங்கோட்டில் வாக்கப்பட்டவள். சர்க்கரையில் கண் மங்கிப்போய் அவளால் எதையும் படிக்க முடியாது. இவர் எல்லாவற்றையும் ஒருதரம் பார்த்து வைத்துக்கொண்டு, பிறகு அவளைக் கூப்பிட்டு வாசித்துக் காட்டுவார். அவள் ஊர்ச் செய்தியையே அவளுக்கு இவர்தான் சொல்ல வேண்டும். நடுகல் கதை வந்தால் போதும், "அண்ணா, அங்க ஒருக்கா போயிட்டு வரலாமுங்களா?" என்பாள். "போலாம் சாமி" என்பார் இவர், அவளைச் செல்லமாக அப்படித்தான் கூப்பிடுவார். போனதில்லை. அண்ணனும் தங்கையும் மணிக்கணக்கில் பேசுவதைக் கேட்டு எனக்கு எரிச்சல்தான் வரும். பொறாமை என்றே வைத்துக்கொள்ளுங்கள், என்னிடம் அவர் அத்தனை வார்த்தை பேசியதில்லை.

போன ஆவணியில் ஒரு நாள் சட்னிக்குத் தாளித்துக்கொண்டிருந்தேன். வெளியே சத்தமே இல்லை. எட்டிப் பார்த்தால் செல்போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வாங்கிப் பார்த்தேன். மலையடிவாரத்தில் மயிலம்மாள் படம். மேலே 'கண்ணீர் அஞ்சலி'. விடிகாலையில் மாரடைப்பு, மாலை நான்கு மணிக்கு இறுதி ஊர்வலம் என்று போட்டிருந்தார்கள். எங்கள் பேத்தியின் காதுகுத்துச் சீரில் எடுத்த படத்திலிருந்து அவளை மட்டும் வெட்டி எடுத்திருந்தார்கள். ஓரத்தில் இவருடைய தோள் கொஞ்சம் தெரிந்தது.

அடுப்பை அணைத்துவிட்டு வந்தேன். "எந்திரிங்க, கெளம்பலாம்" என்றேன்.

"யாரு வந்து சொன்னாங்க?" என்றார்.

எங்கள் பக்கம் கட்டிக்கொடுத்த பெண் செத்தால், பிறந்த வீட்டுக்கு ஆள் வந்து சொல்ல வேண்டும். வருகிறவர் வாசலில் நின்றே சொல்வார். உள்ளே வரமாட்டார், தண்ணீர்கூடக் குடிக்காமல் திரும்பிவிடுவார். அதற்கப்புறம் உடன்பிறந்தவன் கோடிச்சேலை எடுத்துக்கொண்டு போய் அவள் மேல் போர்த்துவான். பெண்ணுக்குப் பிறந்த வீட்டுச் சேலை விழாமல் எடுப்பது அவளை அநாதையாக அனுப்புவது மாதிரி.

"ஊருக்கெல்லாம் சொல்லிட்டாங்க, கூடப் பொறந்தவனுக்குச் சொல்லலியே" என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தார். அழவில்லை. அழுதிருந்தால் நான் பயந்திருக்கமாட்டேன்.

மயிலம்மாளின் மகன் நவீன்குமாரைக் கூப்பிட்டேன். ஓயாமல் வேறு யாருடனோ பேசிக்கொண்டிருந்தான். அவன் பெண்டாட்டி தனப்பிரியாவுக்குப் போட்டேன், எடுத்தாள். பின்னால் ஒரே ஒப்பாரி.

"மாமாவுக்கு ஆளு அனுப்பலாம்னாருங்க எங்க ஊட்டுக்காரரு. மாமனாருதான், மச்சான் மலையடிவாரத்துல பாக்காம இருப்பாரா, இன்னேரம் பாதி வழி வந்திருப்பாருன்னுட்டாருங்க அத்தை."

"அடி பாவி, அவரு இங்க கட்டில்ல உக்காந்திருக்காரு. யாரையாச்சும் அனுப்புங்க சாமி."

"சரிங்க அத்தை, சொல்றேனுங்க" என்றாள். சொன்னாளோ, அந்தக் கூட்டத்தில் மறந்தாளோ, அவளைக் குறை சொல்லி என்ன ஆகப்போகிறது.

பக்கத்துப் பையனை நாமக்கல்லுக்கு அனுப்பி அரக்குக் கலரில் ஒரு சேலை வாங்கிவரச் சொன்னார். வெள்ளை வேட்டி கட்டினார். சேலையை மடியில் வைத்துக்கொண்டு வாசலைப் பார்த்து உட்கார்ந்தார். ரோட்டில் எந்த வண்டி வந்தாலும் நிமிர்வார். அது தாண்டிப் போனதும் செல்போனைப் பார்ப்பார், அதில் தங்கை முகத்தை. "நாலு மணிக்குத்தான போட்டிருக்கான். நேரமிருக்குது, வருவாங்க" என்பார். வீம்பு என்று திட்டினேன். அது வீம்பு இல்லை. யாராவது ஒரு மனுஷன் வாயால் சொல்லும்வரை அவள் சாகவில்லை என்று உட்கார்ந்திருந்தார் அந்த ஆள். எனக்கு அது புரிவதற்கு மத்தியானம் ஆகிவிட்டது.

புரிந்ததும் செருப்பைப் போட்டேன். கேட்டைத் திறந்து ரோட்டுக்குப் போனேன். திரும்பி, கேட்டுக்கு வெளியிலேயே நின்றேன். முப்பத்தைந்து வருஷம் குடித்தனம் பண்ணின வீட்டு வாசலில் அசலூர்க்காரி மாதிரி நின்று கூப்பிட்டேன்.

"ஏனுங்க. திருச்செங்கோட்டுல உங்க தங்கச்சி மயிலம்மா போயிட்டாங்க. அண்ணன் வந்து சேலை போட்டுத்தான் எடுக்கோணுமுங்க."

அவர் என்னைப் பார்த்தார். பிறகு, "அய்யோ மயிலு" என்று ஒரு சத்தம். கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு சரிந்துவிட்டார். அப்படி ஓர் அழுகையை அவரிடம் நான் கண்டதில்லை, அவர் அம்மா செத்தபோதுகூட.

கார் பிடித்துக் கிளம்பினோம். நாமக்கல் தாண்டும்வரை அழுதார். அதற்கப்புறம் பேச ஆரம்பித்தார். சின்ன வயதில் அவளைச் சைக்கிளில் வைத்துப் பள்ளிக்கூடம் கொண்டுபோனது, ஒரு தடவை கிணற்று மேட்டில் கீழே போட்டது, அவள் அதை வீட்டில் சொல்லாமல் விட்டது. "மொகத்தைப் பாத்துட்டாப் போதும் அங்கம்மா" என்றார். நாலு மணிக்கு நிறைய நேரம் இருந்தது. நான்கூட நிம்மதியாகத்தான் உட்கார்ந்திருந்தேன்.

தெருவில் பந்தல் இருந்தது, கூட்டம் இல்லை. வீட்டைக் கழுவிவிட்டிருந்தார்கள். வாசலெல்லாம் ஈரம். தனப்பிரியா தலையைத் துவட்டாமல் ஓடிவந்து என் கையைப் பிடித்தாள்.

"மின்மயானத்துல சாயங்காலம் எடமில்லைன்னுட்டாங்க அத்தை. ரெண்டு மணிக்கே எடுத்தாச்சு. நேரத்தை மாத்தி மலையடிவாரத்துல போடச் சொன்னோமே, போட்டாங்களே, மாமா பாக்கலீங்களா?"

அவர் கையிலிருந்த செல்போனை நான் வாங்கினேன். காலையில் திறந்த பக்கம் அப்படியே இருந்தது. திரும்பத் திறக்காமல் அதையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். நான் திறந்ததும் இரண்டு மணி என்று வந்தது.

மயிலம்மாளின் புருஷன் தனபாலுக்கு முழங்கால் முடியாது, மயானத்துக்குப் போகவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு மெல்ல வந்து எங்கள் எதிரில் நின்றார். மயானத்துக்குக் கூப்பிட்டுப் பார்க்கலாமா என்று கேட்டேன். உள்ளே தள்ளியாச்சு என்று தலையை ஆட்டினார்.

"பொறந்த ஊட்டுச் சேலை?" என்று இவர் கேட்டார்.

"உங்களுக்காக வாசலையே பாத்துட்டு இருந்தோம் மச்சான். கோவத்துல வரமாட்டீங்கன்னு சனம் பேச ஆரம்பிச்சிருச்சு. கடைசில உங்க பெரியப்பன் பேரனைக் கூப்பிட்டு, கடைக்கு ஓடச் சொல்லி, ஒண்ணு வாங்கிப் போட்டோம்."

இவர் சேலையைப் பிரித்தார். அவளைக் கிடத்தியிருந்த இடம் எது என்று கேட்டார். தனபால் கையைக் காட்டினார். கழுவின ஈரத்தில் மண்டியிட்டு அந்த வெறும் தரையில் சேலையை விரித்தார். அது ஈரத்தை இழுத்துக் கறுத்துக்கொண்டே வந்தது. தலைமாடு எந்தப் பக்கம் என்று கேட்டார். நான்தான் போய்த் தெற்கே தொட்டுக் காட்டினேன். அந்த முனையில் நெற்றியை வைத்து, "வந்துட்டேன் சாமி" என்றார்.