குழிக்கு மேலே கட்டிய சென்சார்

ஆலைப் புகையிலிருந்து கரியமில வாயுவைப் பிரித்தெடுத்து, குழாய் வழியாகக் கொண்டுபோய்ப் பூமிக்கடியில் பாறைக்குள் அடைத்து வைப்பது அந்த நிறுவனத்தின் தொழில். அடைத்தது கசிகிறதா என்று பார்க்க வெளியெங்கும் சென்சார்கள் இருந்தன. அவை அனுப்பும் எண்கள் கண்ட்ரோல் ரூம் திரையிலும், அதே நேரத்தில் அரசு ஆய்வு அலுவலகத்திலும் தெரியும். திரையைப் பார்த்துக்கொண்டிருப்பது அவள் வேலை. அந்த வேலையை வாங்கிக் கொடுத்தவர் அங்கே மேனேஜராக இருந்த அவள் அக்காவின் கணவர்.

கொஞ்ச நாளாக, வாயுவை இறக்கத் தோண்டிய பழைய ஆழ்துளைக் கிணறு ஒன்றின் சென்சார் அவளை உறுத்தியது. அதுவரை துள்ளிக்கொண்டிருந்த கோடு திடீரென நல்ல பிள்ளையாகப் படுத்துவிட்டது. டெக்னீஷியனைக் கூட்டிக்கொண்டு ஜீப்பில் கிளம்பினாள். உயரத்தைப் பார்த்து எல்லோரும் அவரை டவர் என்றே கூப்பிடுவார்கள்.

கிணற்றைச் சுற்றி ஆளுயரத்துக்குக் கான்கிரீட் குழி. வேலியருகே போனதுமே நாற்றம் அடித்தது. மூக்கைப் பொத்திக்கொண்டு எட்டிப் பார்த்தாள். தவளைகள், ஒரு கீரி, நடுவில் வயிறு ஊதிய நாய். மொய்க்க வந்த ஈக்களும் அதன் மேலேயே செத்துக் கருப்பாய்ப் படிந்திருந்தன. அவள் திரும்பித் துப்பினாள்.

குழிச் சுவரில் இருக்க வேண்டிய சென்சாரைக் காணவில்லை. கேட்டதற்கு டவர் மேலே கை காட்டினார். விளக்குக் கம்பத்தின் உச்சியில் அது காற்று வாங்கிக்கொண்டிருந்தது.

"யாருண்ணே அங்க கட்டினது?"

"நான்தான். சார் சொன்னாரு."

"அந்த வாயு காத்தைவிட கனம். கீழதான் தேங்கும், மூச்சை அடைச்சுக் கொன்னுடும். உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும்மா." குழிப் பக்கம் பார்க்காமல் சொன்னார். "நம்ம கேட்ல படுத்துக்கிடக்குமே, அந்த நாய்தான். எங்கயோ போயிடுச்சுன்னு நெனச்சேன்."

மேனேஜர் தன் அறையில் பல் குத்திக்கொண்டிருந்தார். அவள் சொல்லி முடிக்கும்வரை நிறுத்தவில்லை.

"கீழ இருந்தா சும்மா சும்மா அலாரம் அடிக்குது. நான் என்ன அதைக் கழட்டியா போட்டேன்? இடம்தானே மாத்தினேன்."

"ஒரு ஆள் இறங்கினா என்ன ஆகும் அத்தான்?"

"யார் இறங்கப்போறா?" குச்சியின் நுனியை உற்றுப் பார்த்துவிட்டு மறுபடி வாய்க்குள் விட்டார். "ஒரு நாய்க்காக உன் அக்கா வயித்துல அடிக்காதே."

அவளுக்கு அந்த வாயைப் பார்க்கவே பிடிக்கவில்லை. வெளியே வந்து டவரைக் கூட்டிக்கொண்டு மறுபடி கிணற்றுக்குப் போனாள். அவர் மறுக்காமல் கம்பத்தில் ஏறி சென்சாரை அவிழ்த்துக் கொடுத்தார். கயிற்றில் கட்டிக் குழிக்குள் இறக்கினாள். அலாரம் அலறியது. வாயுவை உள்ளே தள்ளும் பம்புகள் தாமாக நின்றன.

எண்களைப் பார்த்துவிட்டு மறுநாள் அரசு ஆய்வாளர் வந்தார். அதற்குள் குழியைக் காற்றடித்துக் கழுவி, மருந்து தெளித்திருந்தார்கள். மருந்து வாசனைக்கு அடியில் பழைய நாற்றம் இன்னும் இருந்தது. அங்கே நின்று மேனேஜர் சிரித்தார்.

"பாத்தீங்களா சார், எங்க சென்சார் எப்படிக் கண்டுபிடிச்சிருக்குன்னு? இவ என் மச்சினிதான். நான் பழக்கின பொண்ணு."

ஈரக்கை அவள் தோளில் வந்து விழுந்தது. உடம்பே கூசியது. கையைத் தட்டிவிட்டு நகர்ந்து நின்றாள்.

"அது நேத்துவரைக்கும் அந்தக் கம்பத்து உச்சியில இருந்துச்சு சார். அலாரம் அடிக்கக் கூடாதுன்னு இவர்தான் கட்டச் சொன்னார்."

மேனேஜர் டவரைப் பார்த்தார். டவர் தலையைக் குனிந்துகொண்டு, "ஆமாங்க, கட்டினது நான்தான்" என்றார்.

கிணற்றை சிமென்ட் விட்டு அடைத்தார்கள். மேனேஜரை வேலையிலிருந்து நிறுத்தி வைத்தார்கள்; டவருக்கும் தண்டனை உண்டு. அக்கா போனில் அழுதாள்.

"அப்படி என்னடி கொலையா பண்ணிட்டார் அவர்?"

"உன் பசங்க பந்து பொறுக்க அதுல இறங்கியிருந்தா என்னக்கா சொல்லுவ?"

அக்கா போனை வைத்துவிட்டாள். இவள் குளியலறைக்குப் போய், அன்று மேனேஜரின் கை பட்ட சட்டையை அழுக்குத் துணிகளிலிருந்து எடுத்து, துவைக்க மனமில்லாமல் குப்பைக்கூடையில் போட்டாள்.