உப்புதான்

என் மகள் உம்மு ஹபீபா சோறு தின்ற அலுமினியத் தட்டை உருக்கி, என் வீட்டுக்காரர் வாவு முகம்மது தன் தோணிக்குக் கொம்பு வார்த்துவிட்டார். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பாய்க் கயிற்றைச் சுற்றிக் கட்டுவதற்காகத் தோணியின் மேல்பலகையில் பொருத்துகிற இரட்டைக் கொம்பு. மாட்டுத் தலை மாதிரி இருக்கும் என்று சொன்னார்கள். நான் எங்கே பார்த்தேன்? கீழக்கரையில் எங்கள் தெருப் பெண்கள் தோணித் துறைக்குப் போவதில்லை. மவுத்தானவர்களை அடக்குகிற மையவாடிக்கும் போவதில்லை.

அதுதான் என் ஆத்திரமே. பிள்ளை வாந்திபேதியில் மவுத்தானபோது அவளைத் தூக்கிக்கொண்டு போனவர் அவர். வெள்ளிக்கிழமைதோறும் கபருக்குப் பக்கத்தில் போய் நிற்கிறவரும் அவர். எனக்கென்று மிஞ்சியது அந்தத் தட்டு ஒன்றுதான். பசி வந்தால் சோறு வருவதற்குள் தட்டின் விளிம்பைக் கடிப்பாள். பல் பட்ட தடம் வரிசையாக இருக்கும். நான் என் உம்மா வீட்டுக்குப் போயிருந்த நேரம் பார்த்து, பழைய சாமான் கடையில் சண்டைக்காலத்து ஏரோப்ளேன் தகடு என்று விற்றதையும் சேர்த்து உருக்கிவிட்டார். கேட்டதற்கு, "பிள்ள என்கூடக் கடலுக்கு வரட்டுமேன்னுதான் சாலிஹா" என்றார். அன்றைக்கு நான் அவரைப் பேசியதையெல்லாம் இங்கே சொல்ல முடியாது.

ஆறின கஞ்சி பழங்கஞ்சி என்பார்கள். என் கஞ்சி வருஷக்கணக்காகியும் ஆறவே இல்லை. சோறு போடுவேன், துணி துவைப்பேன், முகம் பார்த்துப் பேசமாட்டேன். கேட்டதற்குப் பதில், அதுவும் பாதிதான். "சாலிஹா வாயத் தச்சுட்டாளா?" என்று அக்கம்பக்கத்தில் கேலி பேசினார்கள். பேசட்டும், அவர்கள் வீட்டுத் தட்டை யாரும் உருக்கவில்லை.

மாசியில் ஒரு நாள் உச்சிப்பொழுதுக்குக் கொஞ்சம் முன்னால் அவர் துண்டில் எதையோ சுற்றிக்கொண்டு அடுப்படிக்கே வந்தார். அம்மிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுக் குந்தினார்.

"பாம்பனுக்குத் தெக்க காத்து திரும்பயில இது ஆட்டங் கண்டுருச்சு. கயிறு சின்னச்சாமி உள்ளங்கைய அறுத்துக்கிட்டு ஓடிருச்சு. இது இருந்தா இனிமே ஏற மாட்டேங்கிறான்."

சின்னச்சாமி அவரோடு தோணி ஓட்டுகிற கடலாடிப் பக்கத்து ஆள். பயந்த சுபாவம் இல்லை.

துண்டைப் பிரித்தேன். அத்தனை நாளும் மனசுக்குள் நான் சண்டை போட்ட சாமான் இவ்வளவுதானா என்று இருந்தது. ஒரு கொம்பு பாதி கரைந்திருந்தது. மேலெல்லாம் வெள்ளை பூத்து, தொட்டால் மாவாக உதிர்ந்தது. அடியில் திருகாணி போட்டிருந்த துளைகள் அரித்து வாய் பிளந்து கிடந்தன. ஆணிகள் மட்டும் புதுசு போல இருந்தன. பித்தளை.

"இரும்பு போட்டாத் துருப்புடிக்குமேன்னு, நம்ம பிள்ளைக்காகன்னு தேடி வாங்குனேன்" என்றார்.

எனக்கு உடனே விளங்கிவிட்டது. உப்புக் கஞ்சி மிச்சமிருக்கும் அலுமினியச் சட்டியில் பித்தளைக் கரண்டியை அப்படியே விட்டுவைத்துப் பாருங்கள். நாள்பட நாள்பட, கரண்டிக்கு ஒன்றும் ஆகாது. சட்டிதான் புள்ளி புள்ளியாக அரிக்கும். எத்தனை சட்டியை அப்படித் தூக்கிப் போட்டிருக்கிறேன்!

"ஒவ்வொரு நடையும் வெள்ள பூக்கும்" என்றார். "கடலுப்புன்னு துணி வச்சுத் தொடச்சு, தண்ணிக்குள்ள ஒதறிருவேன். இப்ப சின்னச்சாமி சொல்றான், இது உப்பு இல்லயாம். அந்தச் சாமானே பொடியா உதிருதாம்."

அவர் என்னைப் பார்க்கவில்லை. அம்மியைப் பார்த்துக்கொண்டு பேசினார்.

"நீ இந்தச் சாமான் பொழங்குறவ. நீ சொன்னா நம்புவேன். உப்புதான சாலிஹா?"

இப்படி ஒரு நாளுக்காகத்தான் நான் காத்திருந்தேன். கல் கையில் இருந்தது, எறிய வேண்டியதுதான் பாக்கி. உப்பில்லை, அதுதான் தட்டு, என் பிள்ளையின் பல் பட்டது. ஒரு தடவை உருக்கினது போதாதென்று நடைக்கு நடை துடைத்துக் கடலில் போட்டிருக்கிறீர்கள் என்று சொல்ல நாக்கு நுனி வரை வந்துவிட்டது. நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தேன். பார்த்து எவ்வளவு நாளாகிவிட்டது! தாடி முழுக்க நரைத்திருந்தது. வெள்ளைப் பொடி ஒட்டின விரலைத் துடைக்காமல் அப்படியே வைத்திருந்தார். மகளை இழந்தது நான் மட்டுமில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"உப்புதான்" என்றேன்.

"நெசமாவா?"

"உப்புதாங்க. கடல்ல கெடந்தா உப்புப் பூக்காம வேற என்ன பூக்கும்? ஆனா இது இனிமே கயிறு தாங்காது. தோணிக்கு மரத்துல ஒண்ணு செஞ்சு போடுங்க. இது இங்கன இருக்கட்டும்."

அந்தப் பொய்க்கு நாளை அல்லாவிடம் நான் பதில் சொல்லிக்கொள்கிறேன்.

"நான் பயந்தே போயிட்டேன்" என்று சொல்லிவிட்டு, துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அடுப்படியில் உட்கார்ந்து அழுதார். மவுத்து வீட்டில்கூட அப்படி அழவில்லை. நான் தண்ணீர் மொண்டு கொடுத்தேன். லுஹர் தொழுகைக்குப் பாங்கு சொன்னதும் எழுந்து பள்ளிக்குப் போனார்.

அம்மிப் பக்கத்தில் வெள்ளைப் பொடி சிந்திக் கிடந்தது. மூச்சுப் பட்டுப் பறந்துவிடாமல் வாயைப் பொத்திக்கொண்டு, அதை விரலால் வழித்துச் சேர்த்து, முந்தானையில் முடிந்துகொண்டேன்.