காக்கை மேல் பழி போடாதவள்

அக்குலினா பனியில் கால் வைத்தால் ஓநாயின் தடம் விழும். காலில் கிடப்பது மனிதக் காலணிதான். பனிமானின் கால்தோலில் அவளே தைத்தது, இடது குதிகாலில் வேறு தோலால் முக்கோணமாக ஒரு ஒட்டு. ஆனால் அவள் நடந்து போன பிறகு பார்த்தால் நான்கு விரலும் நகமுமாகக் கையகலத் தடம் வரிசையாகக் கிடக்கும். ஓநாய் பின்னங்காலை முன்னங்கால் பட்ட குழியிலேயே வைத்து நடக்கும் பிராணி, ஆகையால் அதன் தடத்தைப் போட இரண்டு கால் இருந்தாலே போதும். சறுக்குக்கட்டை கட்டிக்கொண்டு போனாலும் கட்டையின் கோடு விழாது, இதுதான் விழும். சுவொர்தாக் பள்ளத்தாக்கில் இதை நம்பாதவர் ஒருவரும் இல்லை, எல்லோரும் பார்த்திருக்கிறோம். நம்பாதவர்கள் நகரத்தில் இருக்கிறார்கள். அவர்களுக்குத் தடம் பார்க்கத் தெரியாது, விட்டுவிடலாம்.

எங்கள் வழக்கம் ஒன்று உண்டு. ஓநாயை ஓநாய் என்று வாயால் சொல்ல மாட்டோம், காதில் விழுந்தால் வந்துவிடும். 'வாலன்' என்போம், மரியாதை மிஞ்சினால் 'வானத்தின் மகன்' என்போம். எழுதினால் அதன் காதில் விழாது என்பதால்தான் நான் இங்கே தைரியமாக எழுதுகிறேன். சுட்டுக் கொன்றுவிட்டால் இன்னொரு சடங்கு. கொன்றவன் உடலருகே மண்டியிட்டு, அண்டங்காக்கை போலக் கரைந்து, "நான் இல்ல சாமி, காக்கா கொத்திடுச்சு" என்று சொல்ல வேண்டும். ஆவி பழிவாங்கக் கிளம்பினால் காக்கையைத் தேடிப் போகட்டும் என்றுதான். பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்று நாங்கள் தலைமுறை தலைமுறையாகக் காலம் தள்ளியிருக்கிறோம். பனியில் இப்படிப் பொய் சொல்லிவிட்டு வரும் ஆண்கள், கூடாரத்துக்குள் வந்து தேநீர்க் கோப்பையைக் கையில் எடுத்ததும், தாங்கள் எப்படிக் குறிபார்த்தோம் என்று விடிய விடிய அளப்பார்கள். கோப்பையை நிரப்பிக் கொடுப்பது அக்குலினாவின் வேலை. மந்தைக்குழுவில் அவள் சமையலுக்கும் தையலுக்கும் இருந்தவள். குழுத் தலைவன் அவள் கூடப்பிறந்த அண்ணன் கவ்ரீல். பொறி வைப்பதில் மலைக்கு அந்தப் பக்கம்வரை பெயர் எடுத்தவன், பெயர் எடுத்ததை மறக்கவும் விடாதவன்.

ஒருநாள் தண்ணீருக்காக ஆற்றில் பனிக்கட்டி வெட்டப் போனாள் அக்குலினா. வண்டியில் பூட்டிய மான் மிரண்டு கயிற்றை இழுத்தது. நிமிர்ந்தால், கரையிலிருந்து ஒரு பெரிய சாம்பல் ஓநாய் மானை நோக்கி இறங்கிக்கொண்டிருந்தது. வண்டியில் கிடந்த கணவன் யெகோரின் துப்பாக்கியை எடுத்தாள், ஒரே குண்டு. பிறகு வழக்கப்படி அருகே போய் மண்டியிட்டாள். காக்கை போலக் கரைய வாயைத் திறந்தவளுக்கு, அத்தனை வருடம் கேட்ட அத்தனை பெருமைப் பேச்சும் நினைவுக்கு வந்திருக்க வேண்டும். "நான்தான்" என்றாள். "அக்குலினா. ஐஸ் வெட்ட வந்தவ. என் மானுக்கு வந்த, அதான் சுட்டேன்." எழுந்து வண்டிக்கு நடந்தாள். முதல் தடம் அப்போதுதான் விழுந்தது. கூடாரத்தை அடைந்தபோது அவளுடைய நாயே அவள் காலடியை மோந்து பார்த்துவிட்டு முடி சிலிர்த்து உறுமிற்று, முகத்தை நிமிர்ந்து பார்த்துவிட்டு வெட்கப்பட்டு வாலை ஆட்டிற்று.

விஷயம் தெரிந்ததும் கவ்ரீல் தலையில் கை வைத்துக்கொண்டான்.

"ஏய், என்ன காரியம் பண்ணிட்டு வந்திருக்க? போய் மாத்திச் சொல்லிடு. காக்கா வேணாம்னா, எங்கண்ணன் சுட்டான்னு சொல்லு. என் பேர்ல போகட்டும்."

"உன் பேர்ல ஏற்கனவே எவ்வளவு கெடக்குண்ணே! அதெல்லாம் காக்கா கொத்தினதுன்னு நீதானே சொன்ன? பாவம், அந்தக் காக்காவுக்கே இன்னும் ஒரு பேரும் கெடைக்கல."

யெகோர் சிரித்துவிட்டான். அதிகம் பேசாத மனிதன் அவன். "விடு மச்சான், அவ சொன்னதை மாத்த மாட்டா. கட்டிக்கிட்ட நாள்லேர்ந்து பாக்குறேன்" என்று மட்டும் சொன்னான்.

பொறி வைப்பது எங்கள் பக்கத்தில் லேசுப்பட்ட காரியமில்லை. இரும்பின் வாடை போக லார்ச் மரப்பட்டை போட்டு வேகவைக்க வேண்டும். வெறுங்கையால் தொடக்கூடாது. ஓநாய் நடந்த தடத்துக்கு அடியில், தடம் கலையாமல், பக்கவாட்டில் பனியைக் குடைந்து பொறியை நுழைக்க வேண்டும். பிறகு பின்பக்கமாகவே நகர்ந்து, தன் காலடியைக் கிளையால் கூட்டி அழித்துக்கொண்டு வர வேண்டும். இதையெல்லாம் பார்த்துப் பார்த்துச் செய்தாலும் நூறு தடவைக்கு ஒரு தடவை விழும். அக்குலினாவும் பொறி வைக்கத் தொடங்கினாள், அவளுக்கு இந்தக் கூட்டிப் பெருக்கும் வேலையே கிடையாது. பொறியை வைத்துவிட்டு அவள் பாட்டுக்கு அதைச் சுற்றி நடந்துவிட்டு வருவாள். ஒன்றன் தடத்தில் ஒன்று காலை வைத்து வரிசையாகப் போகும் ஓநாய்க் கூட்டம் அவள் தடத்தைக் கண்டதும், யாரோ பெரியவள் முன்னால் போயிருக்கிறாள் என்று பின்னாலேயே வந்து பொறியில் காலை வைக்கும். வல்லவனுக்குப் புல்லும் ஆயுதம் என்பார்கள், இவளுக்குச் செருப்பே ஆயுதமாயிற்று. ஒவ்வொரு முறையும் உடலருகே மண்டியிட்டுத் தன் பெயரைச் சொன்னாள். ஆனால் எல்லாவற்றையும் அழிக்கவில்லை. மந்தை தாங்குகிற அளவுக்கு மேலே பெருகியதை மட்டும் எடுத்தாள், குட்டி ஈனும் பொந்துப் பக்கம் போகவே மாட்டாள். அவள் கூடாரத்தின் முன்னால் கம்பங்களில் தோல்கள் காற்றில் ஆடும்போது பக்கத்துப் பள்ளத்தாக்குக்காரர்கள் வந்து நின்று பார்த்தார்கள். எங்களுக்கு மார்பு விரிந்துதான் போயிற்று, மறைப்பானேன்.

கவ்ரீலுக்கு மட்டும் தொண்டையில் முள். ஒரு தடவை ஆற்றோரம் அபாரமான ஒரு தடத்தைக் கண்டான். தனி ஓநாய், நடையில் அவசரமே இல்லை. சாப்பாட்டையும் மறந்து அதன் பின்னாலேயே போனான். மலை ஏறிற்று, இறங்கிற்று, புதரைச் சுற்றிற்று, கடைசியில் தங்கையின் கூடார வாசலில் போய் முடிந்தது. உள்ளே தகர அடுப்பின் முன் அவள் உட்கார்ந்திருந்தாள்.

"வாண்ணே. காலைலேர்ந்து பின்னாலயே வர்றியே, ஒரு குரல் குடுக்கக் கூடாதா? டீ ஆறிப்போச்சு."

அவன் ஆறிய தேநீரைக் குடித்துவிட்டுப் போனான். இதைப் பள்ளத்தாக்கு முழுவதும் பரப்பியது யெகோர்தான் என்பது பிறகு தெரிந்தது.

அதற்கடுத்த குளிர்காலம் பனி மலை மலையாக விழுந்தது. காட்டு மான்கள் வடக்கே போய்விட்டன. தின்ன வழியில்லாமல், மலைக்கு அப்பாலிருந்த ஓநாய்க் கூட்டங்கள் ஒன்றாகச் சேர்ந்து கணவாய்ப் பக்கம் நகர்ந்தன. அவற்றுக்கு ஒரு கறுப்பன் தலைவன். முந்தின வசந்தத்திலேயே, கணவாயைத் தாண்டி வந்த ஓநாய்களிடம் எங்கள் கன்றுகளில் பாதி போயிருந்தது. இந்த வருடமும் கன்று தங்காவிட்டால் மந்தையைப் பக்கத்துக் குழுவோடு சேர்த்துவிட்டு, எங்களைக் கூட்டுப்பண்ணைக் குடியிருப்பில் குடியேற்றுவது என்று மேலிடத்தில் முடிவாகியிருந்தது. மான் இல்லாமல் எங்களுக்கு என்ன பெயர் இருக்கிறது? சினைமான்களைக் கன்று ஈனும் புல்வெளிக்கு ஓட்டிச் சேர்த்துவிட்டு எல்லோரும் கணவாயையே பார்த்துக்கொண்டிருந்தோம். கவ்ரீல் சிவப்புத் துணிக்கொடிகள் தைத்த கயிற்றை மரத்துக்கு மரம் இழுத்துக் கட்டினான். ஓநாய் எதற்கும் பயப்படாது, ஆடும் சிவப்புத் துணிக்குப் பயப்படும். ஆனால் கயிறு கணவாயின் வாய்க்கு எட்டவில்லை. அடைக்க வேண்டிய இடத்திலேயே பெரிய ஓட்டை.

பயந்த ஊர் பழி போட ஆளைத் தேடும். அக்குலினாவின் தடம்தான் ஓநாய்களை அழைக்கிறது என்று ஒருவர் சொல்ல, எல்லோரும் சொன்னார்கள். சொன்னவர்களில் நானும் உண்டு. கவ்ரீல் எழுந்து நின்றான்.

"தங்கச்சி, கடைசியா சொல்றேன். நான் சுடலைன்னு சொல்லிடு. இல்லேன்னா கூடாரத்தைப் பிரிச்சுக்கிட்டு கெளம்பு."

"பிரிச்சுக்கறேன்" என்றாள். "ஆனா எங்க அடிக்கணும்னு நான்தான் சொல்லுவேன். கணவாய்ல அடிக்கிறேன்."

யெகோர் ஏற்கெனவே வண்டி பூட்டிக்கொண்டிருந்தான்.

கயிறு முடிந்த இடத்திலிருந்து எதிர்மலைப் பாறை வரைக்கும் அக்குலினா நடந்தாள். போனாள், வந்தாள். காற்று தடத்தை மூடினால் மறுபடி நடந்தாள். சினைமான்கள் கன்று போடத் தொடங்கிய நாட்கள் முழுவதும் அவள் உட்கார்ந்து நாங்கள் பார்க்கவில்லை. ஒரு காலையில் அவை வந்தன. கவ்ரீல் பாறை மேலிருந்து எல்லாவற்றையும் பார்த்தான். சரிவு முழுக்கச் சாம்பல் நிறம் இறங்கி வந்தது, முன்னால் கறுப்பன். அவள் தடத்தின் ஓரத்துக்கு வந்ததும் நின்றுவிட்டது. தலையைக் குனிந்து நெடுநேரம் மோந்தது. தடத்துக்கு இந்தப் பக்கம் அக்குலினா, கையில் துப்பாக்கி, சுட்டிருந்தால் தப்பியிருக்காது. சுடவில்லை. பேசினாள், காற்று அந்தப் பேச்சைப் பாறைக்குக் கொண்டுவந்தது.

"இந்தக் கோட்டைத் தாண்டாதே. தாண்டினா நான்தான் சுடுவேன். அக்குலினா. காக்கா இல்ல."

அதுவரைக்கும் எந்த மனிதனும் உயிருள்ள ஓநாயிடம் உண்மை பேசியதில்லை. கறுப்பன் பின்னங்காலில் உட்கார்ந்து அவளைப் பார்த்தது. பிறகு எழுந்து, தன் முன்னங்காலை அவள் தடத்துக்குப் பக்கத்தில், அளவு பார்ப்பதுபோல ஒரு தடவை பதித்தது. அவளுடையதுதான் பெரியது. அது திரும்பிக் கோட்டின் வெளியோரமாகவே நடந்தது, கூட்டம் முழுக்கப் பின்னால் போயிற்று. அன்று மதியத்துக்குள் வடக்கு மலையைக் கடந்து காட்டு மான்கள் போன வழியில் போய்விட்டன. அந்த வசந்தத்தில் எங்கள் கன்றுகள் ஒன்றுகூடக் குறையாமல் எழுந்து நடந்தன. கவ்ரீல் பாறையிலிருந்து இறங்கிவந்து, எல்லோர் முன்னிலையிலும், தானே தேநீர் ஊற்றித் தங்கையிடம் கொடுத்தான். "சூடா இருக்கு, குடி" என்றான். எங்கள் அண்ணன்மார்கள் மன்னிப்பு கேட்பது அப்படித்தான். அதற்குப் பிறகு சுவொர்தாக்கில் யாரும் காக்கை மேல் பழி போடுவதில்லை. சுட்டவன் தன் பெயரைச் சொல்கிறான். பெயரைச் சொல்ல வேண்டியிருப்பதால் யோசித்துத்தான் சுடுகிறான்.

பிறகு வந்த வருடங்களிலெல்லாம் முதல் பனி விழுந்ததும் அக்குலினா புல்வெளியை ஒரு சுற்றுச் சுற்றிவருவாள், குளிர்காலத்துக்கு அது போதும். குளிர்காலத்தில் ஹெலிகாப்டரில் வந்து தடங்களைப் பார்த்து ஓநாய்களை எண்ணுகிறவர்கள், எங்கள் பள்ளத்தாக்கில் ஒரு பெரிய கிழட்டுப் பெண் ஓநாய் தனியாக இருப்பதாக வருடா வருடம் எண்ணிக்கொண்டு போனார்கள். அதைச் சுட அனுமதி தரட்டுமா என்று கேட்டால், "வேணாம், அது நம்ம வீட்டுது" என்று யெகோர் சொல்லுவான்.

அவள் வயதாகி ஒரு இலையுதிர்காலத்தில், முதல் பனிக்கு முன்னால், தூக்கத்திலேயே போனாள். குதிகாலில் ஒட்டுப் போட்ட அந்தக் காலணியைப் போட்டுவிட்டுத்தான் புதைத்தோம். அழுதோம், அழுதுகொண்டே பயந்தோம். பனி விழப்போகிறது, கோடு போட ஆள் இல்லை. பனி விழுந்தது. காலையில் எழுபதைத் தாண்டிய கவ்ரீல் துப்பாக்கியோடு புல்வெளிக்குப் போனான். தடம் கிடந்தது. ஓநாய்த் தடம் அல்ல, காலணித் தடம். சின்னதாக ஒரு பெண்ணின் கால், இடது குதிகாலில் முக்கோணமாக ஒட்டு. உயிரோடிருந்தவரை ஒரு தடவைகூடப் பனியில் விழாத அவளுடைய சொந்தத் தடம் புல்வெளியைச் சுற்றிப் போயிருந்தது. அவன் அதன் பின்னாலேயே போனான். ஆற்றைத் தாண்டி, தடம் புதரைச் சுற்றித் திரும்பும் இடத்தில், அந்தத் தடத்தைப் போட்டுக்கொண்டு போகிறவரைக் கண்டான். வயதான கறுப்பு ஓநாய் ஒன்று, அவசரமில்லாமல், நான்கு காலால் நடந்து, ஒரு பெண்ணின் காலடியைப் பனியில் பதித்துக்கொண்டு போயிற்று. அவனைத் திரும்பிப் பார்த்தது.

கவ்ரீல் துப்பாக்கியைத் தாழ்த்தினான். "போ, போ" என்றான். "முடிச்சுட்டு வா. டீ ஆறிப்போச்சு."

அந்தக் குளிர்காலமும் எண்ணுகிறவர்கள் வந்தார்கள். கிழட்டுப் பெண் ஓநாயின் தடத்தைக் காணோமே, அதற்குப் பதில் யாரோ ஒரு பெண் நடந்திருக்கிறாளே என்று கேட்டார்கள். ஆமாம், எங்கள் மந்தையைப் பார்த்துக்கொள்கிறவள் என்று சொன்னோம். அவர்கள் தலையாட்டிவிட்டு அடுத்த பள்ளத்தாக்குக்குப் போனார்கள். கன்றுகள் நன்றாக இருக்கின்றன.