மீன்காரி வேஷத்துக்கு முதல் பரிசு

1

இந்தக் கதை ஒரு இன்லண்ட் லெட்டரில் பிறந்தது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எட்டாவதில் எனக்குச் சரித்திரம் எடுத்த லக்ஷ்மிநாராயணன் சார் போன மாதம் எழுதியிருந்தார். பள்ளிக்கூடத்துக்கு இந்த 1997இல் பொன்விழாவாம், மலர் போடுகிறார்களாம். “நம்ம இலக்கிய வாரத்தைப் பத்தி சிரிக்கச் சிரிக்க ரெண்டு பக்கம் எழுதி அனுப்பும்மா பட்டு. மீன்காரி வேஷம் போட்டு ஃபர்ஸ்ட் பிரைஸ் வாங்கினியே, அதையே எழுதிடு. மலர் பழைய பசங்க எல்லாருக்கும் தபால்ல போகும். உன் சிநேகிதி அங்காளம்மா அட்ரஸ்கூடக் கிடைச்சாச்சு.”

கடைசி வரியை மறுபடி மறுபடி படித்தேன்.

இதை நான் சொல்லாத இடமில்லை. கிண்டி ஆபீஸில் சாப்பாட்டு நேரத்தில் சொல்லியிருக்கிறேன். தலை தீபாவளிக்கு வந்த நாத்தனார்களிடம் நடித்தே காட்டியிருக்கிறேன். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்திருக்கிறார்கள். ஆனால் இது சிரிப்புக் கதை இல்லை, வெட்கக் கதை. பதின்மூன்று வருஷம் இதைச் சிரிப்புக் கதையாகச் சொல்லித் திரிந்தேனே, அது இன்னொரு வெட்கம்.

2

எழுதிப்பார்த்த ஆரம்பங்கள்:

“1984 ஆகஸ்டு மாதம். கிழக்குத் தாம்பரத்தில் அன்று மழை கொட்டிக்கொண்—”

மழையெல்லாம் இல்லை. வெயில் மண்டையைப் பிளந்தது. தப்பு செய்தவர்களுக்கு மழையில் ஆரம்பித்தால் கொஞ்சம் சௌகரியமாக இருக்கும் போலிருக்கிறது.

“அங்காளம்மா என்றொரு ஏழைப் பெண்—”

சே. யார் சொன்னது ஏழை என்று? என் டிபன் பாக்ஸைவிட அவளுடையது பெரிசு.

“மூன்றாவது பெஞ்சில் எனக்கு இடது பக்கம் அங்காளா உட்கார்ந்திருந்தாள்.”

இது இருக்கட்டும். இது உண்மை, தவிர கடைசியில் தேவைப்படும்.

3

அங்காளாவின் அம்மா முத்தாலம்மாள். கடலோரத்துக்காரர். குடும்பம் சேலையூரில் குடியிருந்தது. விடியற்காலை முதல் பஸ்ஸில் கோவளம் போய், கரையில் ஏலம் எடுத்து, பத்து மணிக்குள் திரும்பிவந்து எங்கள் பக்கத்துத் தெருக்களில் மீன் விற்பார். “மீனேய்…” என்று அவர் இழுப்பது மூன்று தெரு தள்ளிக் கேட்கும்.

ஒரு தெருவில் மட்டும் கேட்காது. அது பள்ளிக்கூடத் தெரு.

“அந்தத் தெருவுல மட்டும் எங்கம்மா கூவாதுடி,” என்று அங்காளா ஒருநாள் காதோடு சொன்னாள். “முந்தானையால மூஞ்சிய மூடிக்கினு வேகமா பூடும். நான் ஒண்ணியும் சொல்லல. அதுவாத்தான் அப்டி செய்யுது. யாருக்கும் சொல்லிடாத.”

கதை முழுக்க இந்த ஒரு விஷயத்தில்தான் நிற்கிறது. ஒரு தாய் தன் மகளுக்காக ஒரு தெருவில் வாயை மூடிக்கொண்டாள். அதை அந்த மகள் என்னிடம் கொடுத்துவைத்தாள்.

4

இலக்கிய வாரம் திங்களன்று ஆரம்பித்தது. அன்று பேச்சுப் போட்டி. நான் பாதியில் மறந்துபோய்ச் சிலைமாதிரி நின்றேன். செவ்வாய் கையெழுத்துப் போட்டி, அங்காளாவுக்கு முதல் பரிசு. புதன் மாறுவேடம், வியாழன் வினாடி வினா. வெள்ளி மாலை பெற்றோர் முன்னிலையில் பரிசளிப்பு. ஜெயித்த வேஷங்கள் அன்று மேடையில் மறுபடி ஏற வேண்டும்.

யோசனை யாருடையது? நான் வாயால் சொல்லிவந்த கதையில் அங்காளாதான் யோசனை சொல்வாள். அது புளுகு. நான்தான் செவ்வாய்க்கிழமை அவளிடம் அவள் அம்மாவின் பழைய மீன்கூடையைக் கேட்டேன்.

“இன்னாத்துக்கு? பாரத மாதா போடேன். எல்லாரும் அத்தான போடுறாங்க.”

“அதான் எல்லாரும் போடறாளே. ப்ளீஸ்டி அங்காளா.”

அவள் உள்ளங்கையை நீட்டினாள். “சரி. ஆனா எங்கம்மான்னு தெரியக் கூடாது. சத்தியம் பண்ணு.”

பண்ணினேன்.* சாயங்காலம் கூடையைத் தூக்கிக்கொண்டு எங்கள் வீட்டுக்கே வந்தாள். பழைய துண்டைச் சுருட்டி, தலையில் வைக்கும் சும்மாடு கட்டச் சொல்லிக்கொடுத்தாள். என் அம்மா வாசலுக்கு வந்து பார்த்தாள்.

“அந்தக் கூடை ஆத்துக்குள்ள வரப்படாது. காம்பவுண்டு சுவத்து மேலேயே இருக்கட்டும்.”

“மூணு வாட்டி பம்புல கழுவிட்டேன் மாமி,” என்றாள் அங்காளா.

அம்மா காதில் விழாதவள்போல உள்ளே போய்விட்டாள். நானும் காதில் விழாதவளாகத்தான் நின்றேன்.

(* ‘பேரைச் சொல்ல மாட்டேன்’ என்றுதான் சத்தியம் செய்தேன், பேரைச் சொல்லவில்லையே என்று ரொம்ப நாள் எனக்கு நானே வக்கீலாக இருந்தேன். கேஸ் நிற்கவில்லை.)

5

புதன்கிழமை. மேடையில் ஏறி “மீனேய்…” என்றேன். சிரித்தார்கள். “வஞ்சரம் கீது, சங்கரா கீது” என்றேன். சிரித்தார்கள். அப்புறம் திங்கட்கிழமை மாதிரியே எல்லாம் மறந்துபோயிற்று. கூடையோடு நிற்கிறேன். முதல் வரிசையில் எவனோ “அவ்ளோதானா?” என்றான்.

வாயில் விரலை வைத்தேன். “ஷ்… இது பள்ளிக்கூடத் தெரு. எம் பொண்ணு இங்க எட்டாவது பி-ல படிக்குது. நான் கூவுனா அதுக்கு மானம் பூடும்.” முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு, மேடையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பூனை நடை நடந்தேன்.

ஹால் அதிர்ந்தது. எட்டாவது பி மொத்தமும் திரும்பி அங்காளாவைப் பார்த்தது. தமிழ் எடுக்கும் அமலராணி மிஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். எனக்கு முதல் பரிசு, ஒரு எவர்சில்வர் டப்பா. அதில் இன்றைக்கும் கடுகு வைத்திருக்கிறேன்.

6

வியாழக்கிழமை அங்காளா எப்போதும்போல வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். திட்டுவாள் என்று பார்த்தேன். திட்டவில்லை.

“நாளைக்கு நான் பிரைஸ் வாங்குறத பாக்க அம்மா வருது. புதுப் பொடவ எடுத்துக்கீது. நீ மறுக்கா நடி, வேணாங்கல. அந்த எடத்த மட்டும் வுட்டுடு.”

“விட்டுடறேன்டி,” என்றேன்.

வெள்ளி மாலை. பின்னால் நாற்காலி காலியாக இருந்தும் முத்தாலம்மாள் தூணோரம் தரையில் உட்கார்ந்திருந்தார். தலை நிறையக் கனகாம்பரம். அங்காளா கையெழுத்துக்குப் பரிசு வாங்கியபோது இரண்டு கையையும் உயரத் தூக்கித் தட்டினார். அப்புறம் என் முறை. அந்த இடம் நெருங்கியது. மேடை ஓரத்திலிருந்து அமலராணி மிஸ், “அந்த ‘ஷ்’ஷை விட்டுடாதே,” என்று கிசுகிசுத்தார்.

இங்கே நான் எழுதிப்பார்த்த முடிவு ஒன்று: பட்டு கூடையை இறக்கிவைத்துவிட்டு, கும்பிட்டு, மேடையைவிட்டு இறங்குகிறாள். எழுதும்போதே அழுதேன், அவ்வளவு நன்றாக வந்தது. கிழித்துவிட்டேன்.

இன்னொன்று: அந்த இடத்தில் அவளுக்கு மறுபடி மறந்துபோ—

மறக்கவில்லை. செய்தேன். புதன்கிழமையைவிட நன்றாகச் செய்தேன், முதல் நாள் ராத்திரி கண்ணாடி முன் பழகியிருந்தேன். “விட்டுடறேன்டி” என்று அவளிடம் சொல்லிவிட்டு வந்து பழகினேன். இதை யாரிடமும் இதுவரை சொன்னதில்லை.

முத்தாலம்மாளும் சிரித்தார். எல்லோரும் சிரிக்கிறார்களே என்று அவரும் சேர்ந்து சிரித்தார். “எட்டாவது பி” வந்ததும், வாயில் இருந்த சிரிப்பை என்ன செய்வதென்று தெரியாமல் அப்படியே வைத்துக்கொண்டிருந்தார். நான் கூடையோடு அவர் முன்னால் கடைசி நடை நடந்துகொண்டிருந்தேன்.

7

முடிந்ததும் முத்தாலம்மாள் மேடைக்குப் பின்னால் வந்தார், கூடையை வாங்கிப்போக. என் தலையிலிருந்த சும்மாட்டை எடுத்துப் பார்த்தார். ஒன்று சொன்னார்.

ஆபீஸில் இந்த இடத்தை அவர் குரலிலேயே சொல்லுவேன். “இன்னா பாப்பா” என்று ஆரம்பித்தாலே சிரிப்பு வந்துவிடும். இங்கே அப்படி எழுதப்போவதில்லை. அங்காளா பேசியதை அவள் பேசியபடியே எழுதியிருக்கிறேன், அவள் என்னோடு பேசினாள். அவள் அம்மாவின் குரலை நான் இரண்டு முறை மேடையில் போட்டுக் கழற்றியாயிற்று, மூன்றாம் முறை வேண்டாம். பாடப்புத்தகத் தமிழில் தருகிறேன். அவர் சொன்னது:

“சும்மாடு சரியாகக் கட்டவில்லை. கனம் ஏறினால் கழுத்து வலிக்கும்.”

இதில் கோபம் இருக்கிறதா என்று தேடிப்பார்த்திருக்கிறேன். மன்னிப்பு இருக்கிறதா என்றும் பார்த்திருக்கிறேன். இரண்டும் என் கைக்கு அகப்படவில்லை. துண்டை உதறி மறுபடி இறுக்கிச் சுருட்டிக் காட்டினார், கூடையை எடுத்துக்கொண்டு போனார்.

8

திங்கட்கிழமை மூன்றாவது பீரியட். லக்ஷ்மிநாராயணன் சார் போர்டில் வருஷங்களை எழுதிக்கொண்டிருந்தார். ஜன்னலுக்கு வெளியே, பள்ளிக்கூடத் தெருவில், கேட்டுக்கு நேராக, முழுக் குரலில்:

“மீனேய்…”

வகுப்பே அங்காளாவின் பக்கம் திரும்பியது. அவள் என் இடது பக்கம், ஒரு சாண் தள்ளி. அவள் முகத்தை அவ்வளவு கிட்டத்தில் பார்த்திருக்கக் கூடியவள் நான் ஒருத்திதான்.

நான் குனிந்து நோட்டில் மார்ஜின் கோடு போட்டேன். போட்ட கோட்டின் மேலேயே மறுபடி போட்டேன். குரல் தெருக்கோடி திரும்புகிறவரை தலையை நிமிர்த்தவில்லை.

அதனால் இந்தக் கதைக்கு முடிவு கிடையாது. முடிவு வேண்டாம் என்று நான் சாமர்த்தியம் பண்ணுவதாக நினைத்துவிடாதீர்கள். முடிவு அவள் முகத்தில் இருந்தது, அதைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை, அவ்வளவுதான். அவள் காதைப் பொத்திக்கொண்டதாக எழுதிப்பார்த்தேன். ஜன்னலுக்கு ஓடிப்போய் “அம்மா” என்று கையாட்டியதாகவும் எழுதிப்பார்த்தேன். இரண்டும் நன்றாகத்தான் இருக்கின்றன. இரண்டும் என் கற்பனை.

9

சாருக்குப் பதில் போட்டுவிட்டேன்: “மலருக்கு வேறு ஏதாவது தருகிறேன் சார். அங்காளம்மா அட்ரஸ் மட்டும் அனுப்புங்கள்.”

அட்ரஸ் வந்துவிட்டது. இந்தத் தாள்களை முதலில் அவளுக்குத்தான் அனுப்புகிறேன், கீழே இரண்டு வரி காலியாக விட்டு. அங்காளா, அன்றைக்கு நீ என்ன செய்தாய்? சொல்ல வேண்டும் என்று கட்டாயமில்லை. நீ வேண்டாம் என்றால் இதை யாருக்கும் காட்ட மாட்டேன், சத்தியம்.

இதைப் படிக்கிற நீங்கள் அங்காளா இல்லையென்றால், ஒன்று அவள் சரியென்று சொல்லியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் அந்த வெள்ளிக்கிழமை செய்ததையே நான் மறுபடியும் செய்திருக்க வேண்டும். எது என்று நான் சொல்லப்போவதில்லை. என்னைப் பற்றி இவ்வளவு நேரம் படித்துவிட்டீர்கள், நீங்களே சொல்லுங்கள்.

………………………………………

………………………………………