வண்டிச் சத்தம்

பக்கத்து வீட்டுச் சித்ரா வஞ்சகம் இல்லாதவள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். "ஒங்க ஆர்த்தி பெரிய கேடிக்கா. ஒங்க வண்டி தெருமுனை திரும்பறதுக்குள்ள டிவிய ஆப் பண்ணிட்டு நோட்ட எடுத்துக்கினு குந்திக்கிது. நேத்து ஜன்னல்ல பாத்தேன், பேனா மூடியக்கூட கழட்டல, எழுதிக்கினே இருக்குது!"

ஆர்த்தியின் அம்மா கலைமதியும் சிரித்து வைத்தாள். உள்ளே வந்து தண்ணீர் குடித்தபோது அப்பாவின் வண்டிச் சத்தம்தான் ஞாபகத்துக்கு வந்தது.

சின்ன வயதில், வளவனூரில், அவள் அப்பா அப்பாதுரையின் மொபெட் கரும்புக் கொல்லையைத் தாண்டும்போதே சத்தம் வீட்டுக்குள் கேட்டுவிடும். அதற்கென்றே உரிப்பதற்கு ஒரு முறம் மல்லாட்டை எப்போதும் கைக்கெட்டும் இடத்தில் இருக்கும். பிள்ளைகள் வேலையில்லாமல் உட்கார்ந்திருந்தால் அவருக்கு ஆகாது. அடித்துவிட்டுத்தான் ஏன் என்று கேட்பார். ஒருநாள் பதற்றத்தில் கலைமதி, கடலையை உரித்துப் போட்ட வெறும் தோலையே மடியில் வாரிப் போட்டு மறுபடி உரித்துக்கொண்டிருந்தாள். அவர் குனிந்து ஒரு பிடி அள்ளிப் பார்த்தார். பிறகு நடந்ததை அவள் கணவனிடம்கூடச் சொன்னதில்லை. இப்போது முப்பத்தாறு வயது. திண்டிவனத்தில் ஒரு லேபில் நாள் முழுக்க ஊராருக்கு ரத்தம் எடுக்கிறாள், கை நடுங்காது. வீட்டில் உட்கார்ந்திருக்கும்போது கணவனின் பைக் சத்தம் கேட்டால் மட்டும் அந்தக் கை துடைப்பத்தைத் தேடும். அவனோ, பாவம், அவள் நின்றாலும் கிடந்தாலும் கண்டுகொள்ளாத மனிதன்.

ஆர்த்தியை அவள் ஒருநாளும் அடித்ததில்லை. பிறகு இது எங்கிருந்து வந்தது? செருப்பைக் கழற்றும் முன்பே "ஹோம்வொர்க் ஆச்சா?" என்று கேட்கும் தன் குரல் அவளுக்கே இப்போதுதான் காதில் விழுந்தது. இரண்டு நாளாக அதே யோசனைதான். பத்து வயதுப் பிள்ளை தன்னைக் கண்டு பயப்படுகிறது. நாளைக்கு நிஜமாகவே ஒரு கஷ்டம் வந்தால் அதையும் இப்படித்தான் மறைப்பாளா?

வெள்ளிக்கிழமை சாயங்காலம் தெருமுனையிலேயே ஸ்கூட்டியை அணைத்துத் தள்ளிக்கொண்டு வந்தாள். சத்தம் கேட்டால்தானே பயம் என்று நினைத்தாள், பைத்தியக்காரி.

ஆர்த்தி தரையில் மல்லாந்து, கால் இரண்டையும் சுவரில் தூக்கிப் போட்டுக்கொண்டு டிவியோடு சேர்ந்து பாடிக்கொண்டிருந்தாள். வாசலில் அம்மா நிற்பதைப் பார்த்ததும் அவள் கை நோட்டைத் தேடியது.

"இப்பதாம்மா போட்டேன்... அஞ்சு நிமிஷந்தாம்மா... எழுதிக்கினுதாம்மா இருந்தேன்..."

"நீ சும்மா இருடி" என்றாள் கலைமதி.

அப்படியே கிட, ஒன்றும் செய்யாமல் கிட என்றுதான் சொல்ல வந்தாள். பிள்ளைக்கோ ஊரில் எல்லாரும் அதட்டுகிற அர்த்தம்தான் விளங்கியது. வாயைப் பொத்திக்கொண்டு எழுந்து உட்கார்ந்தாள். டிவி மட்டும் பாடிக்கொண்டிருந்தது.

இதை எப்படிப் பேசித் திருத்துவது என்று கலைமதிக்குத் தெரியவில்லை. பையைக் கீழே வைத்தாள். மகளுக்குப் பக்கத்தில் வெறுந்தரையில் படுத்துக் கால்களைச் சுவரில் தூக்கி வைத்தாள். சுவர் ஜில்லென்று இருந்தது. ஆர்த்தி அவளையே பார்த்தாள். கொஞ்ச நேரம் கழித்து அவளும் மெல்லப் படுத்தாள். ஒரு கால் சுவரில் ஏறியது, பிறகு இன்னொன்று.

"டிவிய நிறுத்தட்டாம்மா?"

"வேணாம். ஓடட்டும்."

தெருமுனையில் ஏதோ ஒரு வண்டி திரும்பியது. இரண்டு பேரும் ஒன்றாக எழுந்து உட்கார்ந்தார்கள்.