ஹால்வர்சன் மேல் வைத்த கண்

எங்கள் கல்லூரி அமெரிக்கக் கால்பந்து அணிக்கு ஏழு ஆட்டம், ஏழு தோல்வி. ஏழாவதில்தான் எனக்கு உறுத்தத் தொடங்கியது. எங்கள் பந்து கிளம்புவதற்கு முன்பே எதிரணியின் தடுப்பு வரிசைக்குப் பின்னால் நிற்கும் லைன்பேக்கர் தன் ஆட்களிடம், "எறியப் போறானுங்க, பின்னால போங்கடா!" என்று கத்தினான். எறிவதாகத்தான் இருந்தோம். அடுத்த தடவை, "ஓட்டம்! ஓட்டம்!" என்றான். அதுவும் சரியாக இருந்தது.

நான் அணியின் கேப்டன், இடது கார்டு. ஒரு கையைத் தரையில் ஊன்றிக் குனிந்து நின்று, பந்து கிளம்பியதும் எதிரே இருப்பவனை முட்டி நிறுத்துவது என் வேலை. பந்தை எறிவதா, ஏந்திக்கொண்டு ஓடுவதா என்பதை ஒவ்வொரு தடவையும் கோட்டுக்கு வெளியே இருந்து சைகையில் சொல்வார்கள். சொல்பவன் கோரி ஹால்வர்சன். தொப்பியைத் தொடுவான், காதை இழுப்பான், முழங்கையைத் தட்டுவான். பந்து எறிபவனுக்கு மாற்று ஆள் அவன். போன வருடம் வரை, அடுத்து எட்டாவது ஆட்டத்தில் நாங்கள் மோதவிருந்த அணியில் இருந்துவிட்டு எங்களிடம் மாறி வந்தவன். எங்களுக்கு வேறு சாட்சி வேண்டியிருக்கவில்லை.

உடை மாற்றும் அறையில் என்னைப் போலவே முன்வரிசையில் முட்டும் வலது டாக்கிள் பிராடி நௌமன் ஆரம்பித்தான்.

"சில பேருக்கு இன்னும் பழைய வீட்டுப் பாசம் போகலடா."

"யாரைச் சொல்ற?" என்றான் கோரி.

"பொதுவாச் சொன்னேன்பா. உனக்கு ஏன் சுருக்குங்குது?"

திங்கட்கிழமை கோச் பிரிட்சர்ட் என்னைக் கூப்பிட்டார். "ரஸ், சனிக்கிழமை ஆட்டம் முடிஞ்சதும் எனக்கு ஒரு பதில் சொல்லு. அவன்தான்னா அன்னிக்கே மூட்டையைக் கட்டிடணும்."

கோரிக்கு அது கடைசி வருடம். ஏற்கெனவே ஒரு கல்லூரி மாறியவன். இங்கிருந்தும் துரத்தினால் அயோவா மாநிலத்தில் எந்த அணியும் அவனைச் சேர்க்காது. அது தெரிந்தேதான் தலையாட்டினேன்.

அந்த வாரம் முழுக்க அவனைக் கவனித்தேன். விடுதி வராந்தா தொலைபேசியில் தினம் பேசினான். நான் கடந்தால் குரல் இறங்கிவிடும். ஒரு நாள் கேட்டே விட்டேன்.

"யார்கிட்ட?"

"எங்கம்மாகிட்ட. அவங்க எந்த டீமுக்கும் ஆடலடா."

நானும் கோச்சும் ஒரு பொறி வைத்தோம். சனிக்கிழமை கோரியின் சைகைகளுக்கு எந்த அர்த்தமும் கிடையாது. ஒவ்வொரு தடவையும் களத்துக்குள் மாற்றி அனுப்பப்படும் வேறொருவன் உண்மையான ஆட்டத்தை எங்கள் காதில் சொல்லுவான். இது கோரிக்குத் தெரியாது.

34–6 என்று தோற்றோம். பொறியில் யாரும் சிக்கவில்லை. கோரி காதை இழுத்து 'எறி' என்றான், நாங்கள் ஓடினோம், அவர்கள் "ஓட்டம்" என்றே கத்தினார்கள். கடைசி வரை இப்படித்தான். அப்படியானால் சைகை இல்லை. வேறு ஏதோ என்று கோச்சிடம் சொன்னேன்.

எங்கள் லீக்கில் ஒரு வழக்கம். ஒவ்வொரு திங்களும் நம் கடைசி ஆட்டத்தின் வீடியோ கேசட்டை அடுத்து மோதும் கல்லூரிக்கு நாமே தபாலில் அனுப்ப வேண்டும், அவர்களும் அனுப்புவார்கள். தபால் நிலையத்துக்குக் கொண்டுபோவது நான். அந்தத் திங்கள், அனுப்புமுன் ஒரு தடவை போட்டுப் பார்த்தேன். எப்போதும் பந்து கிளம்பும் இடத்திலிருந்துதான் பார்ப்போம். சும்மா குனிந்து நிற்பதை யார் பார்ப்பார்கள்? அன்று அதைத்தான் பார்த்தேன்.

ஓட்டம் என்றால் என் விரல்கள் தரையில் அழுந்தி, பின்பக்கம் தூக்கியிருந்தது. எறிதல் என்றால் உடம்பு பின்னால் சாய்ந்து, கை புல்லைச் சும்மா தொட்டுக்கொண்டிருந்தது. ஒரு தடவைகூட மாறவில்லை. வாராவாரம் தபால்தலை ஒட்டி அனுப்பியதும் நானே.

கோரி உடை மாற்றும் அறையில் தன் பொருட்களைப் பையில் போட்டுக்கொண்டிருந்தான். பிராடி ஏதோ சொல்லியிருக்கிறான். நான் விஷயத்தைச் சொன்னேன். அவன் நிமிரவில்லை.

"மூணாவது ஆட்டத்துலயே பாத்துட்டேன்."

"ஏன்டா சொல்லல?"

"நீ வேணும்னே பண்றேன்னு நினைச்சேன். கேப்டனைப் பத்தி நேத்து வந்தவன் சொன்னா எவன் நம்புவான்? அம்மாகிட்டதான் புலம்பினேன்."

"அவங்க என்ன சொன்னாங்க?"

"அந்த ரஸ் பய மேல ஒரு கண்ணு வெச்சுக்கோன்னாங்க."

எனக்குச் சிரிப்பும் வந்தது, முகமும் சுட்டது. அவன் பையை வாங்கி நானே அவிழ்த்தேன். அன்று பயிற்சிக்கு முன் எல்லோர் எதிரிலும் சொன்னேன். கோச், "ஹால்வர்சன், ரஸ்ஸுக்கு எதிர்ல போய் நில்லு. அவன் கையைப் பாத்துக் கத்து," என்றார்.

முதல் நாள் இருபதில் பத்தொன்பது சரியாகச் சொன்னான். வெள்ளிக்கிழமை பதினொன்று.

ஒன்பதாவது ஆட்டத்தில் நான்கு புள்ளியில் தோற்றோம். திரும்பும் பேருந்தில் கோரி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"என்னடா, இன்னிக்கு யார் மேல சந்தேகம்?"

நான்கு வரிசை முன்னால் தூங்கிக்கொண்டிருந்த பிராடியையே பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டாம் பாதியில், பந்து கிளம்புமுன், அவன் கால்கள் எப்படி இருந்தன என்று யோசித்தேன்.